சுத்தியல் இல்லாத ஏலம்

இங்கே ஸ்டுட்கார்ட்டில் வீடு மாறும்போது பழைய கேமராவை ஆன்லைன் ஏலத்தில் போட்டேன். ஆரம்ப விலை 1 யூரோ. மூணு நாளாச்சு, 12 யூரோவைத் தாண்டலை. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் 150 தர்றேன்னார். ஏலத்தைப் பாதியில் நிறுத்திடலாமா? நிறுத்துவதற்கு முன்னாடி கொஞ்சம் தேடிப் பார்த்தேன். நல்லவேளை.

ஜெர்மன் சிவில் சட்டம் 1900லிருந்து அமலில் இருக்கு. அதன் 156வது பிரிவுப்படி ஏலத்தில் சுத்தியல் விழும்போதுதான் ஒப்பந்தம். சரி, இணையத்தில் சுத்தியல் ஏது?

1999ல் ஒருத்தர் ரிகார்டோ தளத்தில் புத்தம்புது ஃபோக்ஸ்வாகன் பஸாட் காரை ஏலம் விட்டார். ஆரம்ப விலை 10 மார்க், குறைந்தபட்ச விலைன்னு எதுவும் வைக்கலை. காரின் மதிப்பு சுமார் 57,000 மார்க். ஏலம் முடிஞ்சதோ 26,350ல்! செல்லாதுன்னுட்டார் மனுஷர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2001 நவம்பரில் தீர்ப்பு: வருகிற அதிகபட்ச விலையை இப்போதே ஏற்கிறேன் என்று காரைப் போடும்போதே உறுதி சொல்லியாச்சு, அதனால் கொடுத்தே ஆகணும். 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனுக்கு கோட் எழுதிப் பிழைக்கிறவன் நான். அதுக்குள்ள ஒரு கார் இருக்கும்னு நினைச்சதே இல்லை :-)

அடுத்ததும் பஸாட்தான், ஆனா பழசு. ஈபேயில் ஆரம்ப விலை 1 யூரோ. ஒருத்தர் அந்த ஒரு யூரோவுக்குக் கேட்டார். சில மணி நேரத்தில், வெளியில் 4,200 யூரோவுக்கு ஆள் கிடைச்சுதுன்னு விற்பவர் ஏலத்தையே நிறுத்திட்டார் (அப்படியே என் கதை!). கார் மதிப்பு 5,250. 2014ல் உச்ச நீதிமன்றம் அந்த 1 யூரோ போக 5,249 யூரோ நஷ்டஈடு கொடுக்கணும்னுடுச்சு.

அப்போ தளம் சொல்றதுதான் வேதமா? அதுவும் இல்லை. ஒருத்தர் மின்சார சைக்கிளுக்கு விலைக் கட்டத்தில் 100 யூரோன்னு போட்டார். கீழே விளக்கத்தில், கட்டணம் காரணமா இப்படிப் போட்டிருக்கேன், நிஜ விலை 2,600 யூரோன்னு எழுதிட்டார். தளத்துக்கே அல்வா! ஒருத்தர் 100 யூரோவுக்கு அமுக்கப் பார்த்தார். 2017ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கலை. தளத்தின் விதிகள் அர்த்தம் புரிஞ்சுக்க உதவும், அவ்வளவுதான். விற்பவர் வேற மாதிரி தெளிவா எழுதியிருந்தா அந்த எழுத்துதான் நிக்கும். ஆள் பண்ணினது தில்லுமுல்லுதான். ஆனா வாங்க வந்தவர் கண்ணில் படுகிற மாதிரி முன்னாடியே எழுதியிருந்தாரே. பஸாட்காரர்கள் மனசு மாறினது அப்புறம்தான்.

என் விளக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'நல்ல நிலையில் உள்ளது' என்பதைத் தவிர ஒண்ணும் எழுதலை. நண்பர்கிட்ட ஸாரி சொல்லிட்டேன். கேமரா 31 யூரோவுக்குப் போச்சு.