பதினொரு மணிநேர இசை: சிறுமுதலீட்டுத் திரைப்படங்களின் ஒலி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' பற்றி எழுதுவோர் தவறாது எடுத்துரைக்கும் செய்தியொன்று உண்டு. அப்படத்தின் பின்னணியிசையிற் பெரும்பகுதி ஒரே இரவில், ஏறத்தாழப் பதினொரு மணிநேரம் நீடித்த ஒரே அமர்வில், ரவி சங்கரால் ஆக்கப்பட்டது என்பதே அது. படத்தின் ஏறத்தாழ அரைப்பகுதியையே, அதுவும் முற்றாகத் தொகுக்கப்படாத நிலையில், அவர் பார்த்திருந்தார். நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஆயினும் அக்காலத்து வணிகப் படங்களிற் கேட்டற்கரிய ஓரிசை அவ்விரவிற் பிறந்தது. வறுமையும் மேதைமையும் சந்தித்தமையால் நேர்ந்த அற்புதமாகவே இது பெரும்பாலும் விளக்கப்படுகின்றது. அவ்விளக்கம் நமக்கு நிறைவு தருவதாயில்லை. அற்புதங்களைக் கொண்டு வரலாறு எழுதுதல் இயலாது என்பது ஒருபுறமிருக்க, குறைந்த செலவிற் படமெடுக்க முனையும் இளைஞருக்கு அது பிழையான வழியையும் காட்டிவிடுகின்றது. பணம் இல்லாவிடினும் ஒரு மேதை வாய்த்தாற் போதும் என்ற மயக்கத்தை அது வளர்க்கின்றது. அவ்விரவு எங்கிருந்து வந்தது, அதற்கான விலையை யார் கொடுத்தனர் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

முதலிற் பணத்தை நோக்குவோம். படப்பிடிப்பு 1952 ஒக்டோபரில் ஆரம்பமாயிற்று. முதலில் மதிப்பிடப்பட்ட செலவு 70,000 ரூபா. பணம் தீர்ந்தபோதெல்லாம் வேலை நின்றது. ரே தமது ஆயுட் காப்புறுதிப் பத்திரத்தை ஈடுவைத்தார்; அருமையாகச் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளை விற்றார். (கேட்ட இசை படச்சுருளாக மாறியது என்று சொல்லத் தோன்றுகின்றது.) இறுதியில் மேற்கு வங்காள அரசு பண உதவி செய்தமையாலேயே 1955 ஓகஸ்டில் கல்கத்தாவிற் படம் திரைக்கு வந்தது. இத்தகைய முயற்சிகளில் இசைக்குரிய இடம் எத்தகையது என்பது எளிதில் விளங்கும். படச்சுருளும் கமரா வாடகையும் நடிகரின் போக்குவரத்தும் முன்னரே பணத்தை விழுங்கிவிடுகின்றன. படம் தொகுக்கப்பட்ட பின்னரே இசை சேர்க்கப்படுவதால், கைப்பொருள் கரைந்த வேளையிலேயே இசையமைப்பாளர் அழைக்கப்படுகின்றார். உலகெங்கும் சிறுமுதலீட்டுப் படங்களில் ஒலி நலிவுற்றிருப்பதற்கு இவ்வரிசைமுறை முக்கிய காரணமாகும்.

ஆனால், அன்றிரவு ஒலிப்பதிவுக் கூடத்திற்குள் நுழைந்த ரவி சங்கர் திரைப்படத்திற்குப் புதியவரல்லர். 1943ஆம் ஆண்டின் வங்காளப் பெரும் பஞ்சமும் அவ்வாண்டிலேயே தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றமும் ஒரு தலைமுறைக் கலைஞரை உருவாக்கின. அம்மன்றம் பஞ்சத்தையே பொருளாகக் கொண்டு தயாரித்து, கே. ஏ. அப்பாஸ் நெறிப்படுத்திய 'தர்த்தி கே லால்' (1946) படத்திற்கு இசையமைத்தவர் ரவி சங்கர். அதே ஆண்டில் கான் திரைப்பட விழாவிற் பரிசு பெற்ற சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' படத்தின் இசையும் அவருடையதே. 1949 முதல் அவர் அகில இந்திய வானொலியிற் பணியாற்றினார். வானொலி கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டது. இத்தனை நிமிடத்தில் இன்ன உணர்வு என்று வரையறுத்து வாத்தியக் குழுவொன்றை இயக்கும் பயிற்சியை அது தரும். ஒரு இராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும் கச்சேரி மேடை அதனைத் தருவதில்லை. எனவே, அப்பதினொரு மணிநேரத்தின் பின்னே பத்தாண்டுக்கு மேற்பட்ட கூட்டு உழைப்பும், அரசு ஊதியம் கொடுத்துப் பேணிய ஒரு பொது நிறுவனமும் நின்றன. படத் தயாரிப்பாளர் செலுத்தாத கட்டணத்தைச் சமூகம் முன்கூட்டியே செலுத்தியிருந்தது என்பதே நமது துணிபு.

படத்தினுள்ளும் இது புலனாகின்றது. மகள் துர்க்கை இறந்த செய்தியறியாது ஊர் திரும்பும் ஹரிஹரன், அவளுக்கென வாங்கி வந்த சேலையை எடுத்துக் காட்டுகின்றான். தாய் சர்வஜயா கதறுகின்றாள். அக்கதறல் நமக்குக் கேட்பதில்லை; அவ்விடத்திற் பட்தீப் இராகத்தில் தார் ஷெனாய் ஒலிக்கின்றது. எஸ்ராஜ் என்னும் வில்வாத்தியத்துடன் கூம்பு வடிவ ஒலிபெருக்கியொன்றைப் பொருத்திய கருவி அது. தந்தியின் ஒலி குழலோசை போற் கிளர்ந்தெழும். அதனை வாசித்தவர் தட்சிணமோகன் தாகூர். தாயாக நடித்த கருணா பானர்ஜி மக்கள் நாடக மன்றத்துடன் தொடர்புடையவர். ஒரு குரலை நீக்கிவிட்டு ஒற்றைக் கருவியை அவ்விடத்தில் வைத்தமையாற் செலவு எதுவும் கூடவில்லை. ஆயின் துயரம் பன்மடங்காயிற்று. துர்க்கையும் அப்புவும் புகைவண்டி காணச் செல்லும் காட்சியில் தந்திக் கம்பங்களின் ரீங்காரமே இசைக்குரிய தொழிலைச் செய்கின்றது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா சில பகுதிகளுக்குத் தாமே சித்தார் வாசித்துள்ளார். ஒளிப்பதிவாளன் சித்தார் அறிந்திருக்கக்கூடிய ஒரு நகரப் பண்பாட்டினை இவ்விடத்து நினைவிற் கொள்ளல் வேண்டும். பணமில்லாத படத்தின் உண்மையான முதல் அதுவே.

நமது நாட்டில் அதே ஆண்டுகளில் நிகழ்ந்ததைச் சற்று ஒப்புநோக்கலாம். 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் படமான 'கடவுனு பொறொந்துவ' மதுரையில் உருவாயிற்று. தென்னிந்திய ஸ்ரூடியோக்களில் எடுக்கப்பட்ட பின்வந்த படங்கள் பலவும் இந்தியத் திரைப்பாடல்களின் மெட்டுகளைத் தழுவின. 1956இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்தை ஸ்ரூடியோவுக்கு வெளியே கிராமத்திற் படமாக்கியபோது அதன் பாடல்களுக்கு மெட்டமைத்தவர் சுனில் சாந்த. 1952இல் இலங்கை வானொலி இசைக்கலைஞரைத் தரம்பிரிக்க இந்தியாவிலிருந்து எஸ். என். ரத்தன்ஜன்கரை அழைத்தபோது, அத்தேர்வுக்கு உட்பட மறுத்து அதனால் வானொலி வாய்ப்பை இழந்தவர் அவர். ஆக, கல்கத்தாவிலே பொது நிறுவனம் பேணிய கலைஞனைச் சிறுமுதலீட்டுப் படம் பயன்கொண்டது. கொழும்பிலே பொது நிறுவனத்திலிருந்து விலகி நின்ற கலைஞனுக்கு அத்தகைய படம் இடமளித்தது. நிறுவனங்கள் தம்மளவில் நன்மை செய்துவிடும் என நாம் வாதிடவில்லை என்பதற்காகவே இதனை இங்கு குறித்தோம்.

ரித்விக் கட்டக்கும் மக்கள் நாடக மன்றத்தின் வழிவந்தவரே. 'அஜாந்த்ரிக்' (1958) படத்தில் ஒரு பழைய மோட்டார் வண்டி பாத்திரமாகவே மாறுவது அதன் ஓசைகளால்தான். 'மேக டாக்கா தாரா' (1960) படத்தில், தன் காதலன் வேறொருத்தியுடன் வாழத் தலைப்பட்டமையை அறிந்து படியிறங்கி வரும் நீத்தாவின் முகத்தின் மேற் சாட்டையடி ஓசை விழுகின்றது. காட்சியிற் சாட்டையும் இல்லை, அடிப்பவனும் இல்லை. நாட்டுப் பிரிவினையால் ஏதிலியான ஒரு குடும்பம் தன் மூத்த மகளின் உழைப்பைத் தின்று வாழ்வதை அவ்வோசை கூறிவிடுகின்றது. பெரிய வாத்தியக்குழு எதுவும் இதைவிடத் தெளிவாகக் கூறியிராது. இசையமைத்த ஜோதிரிந்திர மொய்த்ராவும் அம்மன்றத்தைச் சேர்ந்தவர். நீத்தாவின் தமையனுக்காக அப்படத்தில் ஹம்ஸத்வனி இராகத்தைப் பாடியவர் சென்னையிற் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்த ஏ. கானன். ஹம்ஸத்வனியோ இராமசுவாமி தீட்சிதரால் ஆக்கப்பட்டதெனக் கொள்ளப்படும் தென்னக இராகம். வடக்கே சென்று வேரூன்றியது. வங்காளத்து அகதியின் கதையில் அது ஒலிப்பது நமக்குத் தனியான மகிழ்ச்சி தருவதாகும்.

கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்த மற்றொருவரே நமது இரண்டாம் வினாவுக்கு வழிகாட்டுகின்றார். பிரிவினை அகதிகள் பற்றி 'சின்னமூல்' (1950) என்ற வங்காளப் படத்தை எடுத்த நிமாய் கோஷ் பின்னர் சென்னைக்கு வந்து தங்கினார். இடதுசாரிச் சார்புடையோர் ஒன்றுகூடித் தயாரித்த 'பாதை தெரியுது பார்' (1960) என்ற தமிழ்ப் படத்தை அவர் நெறிப்படுத்தினார். அதன் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். படத்திற் பாடல்கள் இருந்தன. அவை இன்றும் நினைவுகூரப்படுகின்றன. படமோ வசூலில் தோல்வியுற்றது. எனினும், கோஷும் சீனிவாசனும் பின்னர் திரைப்படத் தொழிலாளரைச் சங்கங்களாக அமைப்பதில் முன்னின்றனர். சென்னையிலே திரையிசைக் கலைஞருக்கென ஒரு சங்கம் உருவாவதற்குச் சீனிவாசனே மூலகாரணர். வயலினும் குழலும் வாசிப்போர் 'கலைஞர்' என்ற பெருமையோடு கூலி பேசும் உரிமையற்றிருந்த நிலையை மாற்ற அவர் உழைத்தார்.

இங்கேதான் உண்மையான முரண்பாடு எழுகின்றது. பதினொரு மணிநேர அமர்வை விமர்சகர் அற்புதம் என்கின்றனர். தொழிற்சங்கத்தின் கணக்கில் அது மேலதிக நேர வேலை. முற்போக்கான பொருளைக் கொண்ட படம் என்பதற்காக வாத்தியக்காரனின் உறக்கத்தை இலவசமாகப் பெறலாமா? நட்புக்காகவும் கொள்கைக்காகவும் வாசித்தவர்களின் தியாகத்தை நாம் மதிக்கின்றோம். ஆயின், தியாகத்தை வரவுசெலவுத் திட்டத்தின் ஓர் உறுப்பாக எதிர்பார்ப்பவன், அவன் எத்துணை முற்போக்காளனாயினும், சுரண்டலையே செய்கின்றான். நமது முற்போக்கு நாடக, திரைப்பட முயற்சிகளிலும் இது பேசப்படாத விடயமாகவே இருந்து வந்துள்ளது. மத்தளம் அடித்தவருக்குப் பேருந்துக் கட்டணமேனும் கொடுத்தோமா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

இம்முரண்பாட்டுக்குக் கலை வழியாக ஒரு விடையுண்டு: இசையைக் குறைத்தல். ஐம்பது பேரைக் கொண்ட குழுவுக்கு அரைக்கூலி கொடுப்பதிலும் ஒருவருக்கு முழுக்கூலி கொடுப்பது நேர்மையானது. பெரும்பாலும் படத்திற்கும் நல்லது. ஜெயகாந்தன் தமது நாவலைத் தாமே படமாக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965) பாடல்களின்றி வெளிவந்தது. வீணைக் கலைஞர் சிட்டிபாபு அதற்கு இசையமைத்தார். பாட்டில்லாத தமிழ்ப் படத்தை எடுத்துத் திரையரங்குகளைத் தேடி அலைவது அக்காலத்தில் எத்தகைய துணிச்சல் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வழி முழுமை பெற்றது கேரளத்திலே எனலாம். அடூர் கோபாலகிருஷ்ணன் முதலானோர் 1965இல் அமைத்த சித்ரலேகா திரைப்படக் கூட்டுறவுச் சங்கம், அரசின் திரைப்பட நிதிக் கூட்டுத்தாபனத்திடம் கடன் பெற்று 'சுயம்வரம்' (1972) படத்தைத் தயாரித்தது. கூட்டுறவும் பொது நிதியும் இணைந்தமையால், இசை இறுதிக் கணத்து அவசரமாக அமைய வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. இசையமைத்தவர் அதே எம். பி. சீனிவாசன். ஒலிப்பதிவுத் தொழில்நுட்பமும் இதற்குள் மாறியிருந்தது. சுவிற்சர்லாந்தில் ஸ்ரெபான் குடெல்ஸ்கி 1951இல் ஆக்கத் தொடங்கிய நாக்ரா என்னும் ஒலிநாடாக் கருவி, பின்வந்த ஆண்டுகளிற் செம்மைப்பட்டு, தோளிற் சுமந்து செல்லத்தக்கதாய் உலகின் சிறுமுதலீட்டுப் படைப்பாளரிடையே பரவியது. அதற்கு முன்னர் நல்ல ஒலிக்கு ஸ்ரூடியோவின் சுவர்கள் வேண்டியிருந்தன. வெளியே எடுத்த காட்சிகளுக்குப் பின்னர் குரல் சேர்ப்பதே வழக்கம். அடூர் நாக்ராவைத் தூக்கிக்கொண்டு பல இடங்களுக்கும் சென்று ஓசைகளைச் சேகரித்தார். தெருவின் ஒலியைப் பதிவுசெய்ய எவருக்கும் ஊதியம் கொடுக்க வேண்டியதில்லை. அதனைப் பொறுமையோடு கேட்கும் செவி மட்டுமே வேண்டும்.

அதனாற் சீனிவாசனின் இசைக்கு வேலை குறைந்தது, பெறுமதி கூடிற்று. சாதியையும் குடும்பத்தையும் துறந்து நகருக்கு வந்த விசுவமும் சீதாவும் வாழ்க்கையிற் படிப்படியாகக் கீழிறங்குவதே கதை. மரம் அரியும் ஆலையொன்றில் அவனுக்கு எழுத்தர் வேலை கிடைக்கின்றது. அங்கு முன்னர் வேலை பார்த்தவன் நீக்கப்பட்டமையாலேயே அவ்விடம் வெறுமையாயிற்று. இவ்வுண்மையை உரையாடல் விரித்துரைக்கின்றதோ இல்லையோ, வாளின் இரைச்சல் உரைக்கின்றது. பின்னர் 'எலிப்பத்தாயம்' (1981) படத்திலும் இக்குழுவினரின் ஒலிநுட்பம் தொடர்ந்தது, ஒலிப்பதிவாளர் பி. தேவதாஸ் அதற்காகத் தேசிய விருது பெற்றார். நெறியாளரின் பெயரோடு ஒலிப்பதிவாளரின் பெயரும் வரலாற்றில் ஏறிய அரிய தருணங்களில் அது ஒன்று.

'சுயம்வரத்தின்' இறுதிக் காட்சியில் விசுவம் இறந்துவிட்டான். சீதா கைக்குழந்தையோடு தனித்திருக்கின்றாள். தாழிட்ட கதவு தட்டப்படுகின்றது. அவள் கதவையே நோக்கியிருக்க, மீண்டும் தட்டும் ஓசை கேட்கின்றது. வெளியே நிற்பவர் யாரென்று கமரா காட்டுவதில்லை.