குழந்தைகளின் கல்லீரல் நோய் உயிர்க்குறிப்பான்கள்

கல்லீரல் பாதிப்பை இரத்தத்திலோ சிறுநீரிலோ அளந்து அறிய உதவும் பொருள்கள் உயிர்க்குறிப்பான்கள் எனப்படும். குழந்தைகளுக்கு இவற்றின் இயல்பளவு வயதோடு மாறும். பெரியவர்களுக்கான அளவுகோல் பொருந்தாது.

பிலிரூபின்: இவற்றுள் மூத்தது இதுவே. டையசோ வினைப்பொருளை 1883-இல் பால் எர்லிக் அறிமுகப்படுத்தினார். அது பிலிரூபினுடன் சேர்ந்தால் நிறம் மாறும். நெதர்லாந்து மருத்துவர் ஹைமன்ஸ் வான் டென் பெர்க், மியுல்லருடன் இணைந்து 1916-இல் இதை மேலும் ஆராய்ந்தார். பித்த அடைப்பு உள்ளவரின் சீரத்தில் நிறம் உடனே தோன்றியது. இரத்தச் சிதைவால் காமாலை வந்தவரின் சீரத்திலோ ஆல்கஹால் ஊற்றிய பிறகே தோன்றியது. முன்னது ‘நேரடி’, பின்னது ‘மறைமுக’ என வழங்கலாயின. கல்லீரலில் குளுகுரோனிக் அமிலத்தோடு இணைந்ததே நேரடி வகை என்பது 1950-களில் தெளிவாயிற்று. பிறந்த குழந்தைகளிடம் இயல்பாகக் காணும் மஞ்சள், மறைமுக வகையால் வருவது, தானே வடிந்துவிடும். நேரடி பிலிரூபின் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் அது நோயின் அடையாளமே. அத்தகைய குழந்தையின் மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கலாம். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியச் செய்யும். மல நிறத்தைப் பெற்றோரே ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண அட்டையைத் தைவான் 2004-இல் நாடு முழுவதும் கொண்டுவந்தது.

நொதிகள்: கார்மன், உரோப்லெவ்ஸ்கி, லடூ ஆகியோர் நியூயார்க்கில் 1955-இல் டிரான்ஸ்அமினேஸ் அளவீட்டைப் புகுத்தினர். இந்நொதிகளுக்கு வழங்கிய எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற பழைய பெயர்களை ஆய்வகச் சீட்டுகளில் இன்றும் காணலாம். எஸ்.ஜி.பி.டி.க்குப் பல ஆய்வகங்கள் அச்சிடும் லிட்டருக்கு 40 யூனிட் என்ற மேல்வரம்பு குழந்தைகளுக்கு மிக அதிகம். சிறுவர்க்கு 26, சிறுமியர்க்கு 22 என்பதே சரி. எலும்பு வளரும் பருவத்தில் காரப் பாஸ்பட்டேஸ் தானாகவே உயர்ந்திருப்பதால் அதைத் தனியே நம்ப இயலாது. ஜி.ஜி.டி. என்னும் நொதிக்கு அந்தக் குறை இல்லை. பித்தநாளம் அடைபட்டால் அது உயரும். பித்தத் தேக்கம் இருந்தும் உயராவிட்டால் சில பரம்பரை நோய்களைத் தேட வேண்டும்.

புரதங்கள்: வில்சன் நோயில் செம்பைத் தாங்கும் செருலோபிளாஸ்மின் குறையும் என்பது 1952-இல் அறியப்பட்டது. பச்சிளங்குழந்தைகளுக்கு இது இயல்பாகவே குறைவு என்பதால், முதல் சில மாதங்களில் இதை வைத்து முடிவு செய்வதில்லை. ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் இதற்கு நேர்மாறு: பிறக்கும்போது மிக உயர்ந்திருந்து மாதக்கணக்கில் இறங்கும். இறங்காமல் ஏறினால் ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்னும் கல்லீரல் புற்றுநோய் சந்தேகிக்கப்படும்.

அண்மைக்காலத்தில் எம்.எம்.பி.-7 என்னும் நொதியின் அளவீடும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது; பச்சிளங்குழந்தையின் பித்தநாளங்கள் அடைபட்டு அழியும் பித்தநாள இன்மை என்னும் நோயைக் கண்டறிவதில் இது ஜி.ஜி.டி.யை விஞ்சுகிறது.

பித்தநாள இன்மைக்கு ஜப்பானின் மோரியோ கசாய் வகுத்த அறுவை சிகிச்சை, பிறந்து 60 நாள்களுக்குள் செய்யப்பட்டால் கூடுதல் பலன் தருகிறது. ஆகவே இரு வாரங்களுக்குப் பின்னும் காமாலை நீடிக்கும் குழந்தைக்கு நேரடி பிலிரூபினைத் தனியே அளப்பது கட்டாயம்.