ஊதுவோர் மதிப்பீடும் காற்றுக்கருவிகளின் வரலாறும்

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் வடிவம், அளவு, துளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. ஊதுவோர் தம் கருவியை எவ்வாறு மதித்தனர் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆயன், தீக்கடைகோலால் துளையிட்ட குழலில் பாலைப்பண் இசைக்கிறான். அது சலித்தபோது, குமிழங்கொம்பில் மரல்நார் தொடுத்த வில்யாழில் குறிஞ்சிப்பண் இசைக்கிறான். இசைப்போனின் விருப்பமே இங்குக் கருவியைத் தெரிவு செய்கிறது.

நூல் விதியும் வழக்கும் முரண்படும் இடத்தையும் காணலாம். குழல் செய்ய மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம், மரங்கள் அதமம் என்னும் மரபைச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் குறிப்பிடுகிறார். ஆயினும் தம் காலத்தில் கருங்காலி முதலிய மரங்களே கொள்ளப்பட்டன என்றும் அவர் எழுதுகிறார். நூல் கடைப்பட்டதென ஒதுக்கியதை வழக்கு ஏற்றுக்கொண்டது என்பது இதனால் பெறப்படும்.

இத்தகைய மாற்றம் அண்மைக் காலத்தும் நிகழ்ந்துள்ளது. திறந்தவெளிக்கும் ஊர்வலத்திற்கும் ஏற்ற, குறுகிய, உச்சச் சுருதியுடைய திமிரி நாகசுரத்தின் இடத்தில், நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரம் பரவியது. இதில் திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பங்கு பெரிது. சுத்த மத்தியமம் செம்மையாக ஒலிக்கும் பாரி நாகசுரத்தை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்கு உருவாக்கித் தந்தார். கலைஞரின் தேவையும் கைவினைஞரின் அறிவும் கூடிய இம்மரபின் நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஒரு களத்தில் குறையாவது மற்றொரு களத்தில் நிறையாகும். தெருக்கூத்தில் முகவீணையின் கூர்மையான ஒலி, இரவின் திறந்தவெளியில் பாட்டையும் முழவையும் கடந்து கேட்பதற்கு இன்றியமையாதது. தார்ப் பாலைவனத்தின் நட் என்னும் நெடுங்குழலை ஊதுவோர், ஊதும்போதே தொண்டையிலிருந்து சுருதி எழுப்புவர். புல்லாங்குழலில் பிழையெனப்படும் அம்முனகல் இங்கு இசையின் அடித்தளம். மகாராட்டிர வார்லி மக்களின் தார்ப்பா, சுரைக்குடுக்கையும் மூங்கிற் குழாய்களும் பனையோலைக் கூம்பும் கொண்டது. ஆடுவோர் அதனை ஊதுவோரைச் சுற்றி, அவர் இசை மாறுந்தோறும் அடிமாற்றி ஆடுவர். எனவே இடையறாது ஊதும் ஆற்றலே அங்குத் திறமையின் அளவுகோல்.

அருங்காட்சியகத்தில் இக்கருவிகளின் உடலைப் பேணலாம். எம்மரம் வேண்டும், எவ்வொலி தகும், எம்மூச்சு போதும் என்னும் தீர்ப்பு ஊதுவோரிடமே உள்ளது. அவரோடு அது மறையின், எஞ்சுவது துளையிட்ட குழாயே. ஆதலின் கள ஆய்வாளர் கருவியை அளக்கும்போதே கலைஞரின் மதிப்பீட்டையும் அவர்தம் சொற்களிலேயே பதிவு செய்தல் வேண்டும்.