தெமோதரைக் கங்காணியின் தலைப்பாகை: மலையகப் புகையிரதக் கதைகளில் மெய்ம்மையும் கருத்தும்

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. முதல் உலகப் போர் மூண்டதும் பாலத்துக்கு ஒதுக்கிய உருக்கு போர்முனைக்குப் போய்விட்டது, ஊர் மக்களே கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டி முடித்தார்கள் என்பது அந்தக் கதை. இதில் மெய்ம்மையும் ஊகமும் பெருமித உணர்வும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கதையை அப்படியே சான்றாக எடுத்தாளும் ஆய்வு இம்மூன்றையும் மெய்ம்மையாகவே பதிந்துவிடுகிறது.

பாலம் 1921 இல் முடிந்தது. நீளம் ஏறக்குறைய 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். இவற்றை யாரும் அளந்தும் ஆவணம் பார்த்தும் சரிபார்க்கலாம். போரினால் உருக்கு கிடைக்காமற்போனது என்பது வேறு வகைக் கூற்று. வளைவுப் பாலத்தில் பாரம் அமுக்கமாகவே தூண்களுக்கு இறங்குகிறது. கல்லும் கொங்கிரீட்டும் அமுக்கத்தை நன்கு தாங்கும். ஆகவே பாலத்தில் உருக்கு இல்லை என்று ஏற்றுக்கொண்டாலும், அது அந்த அமைப்பின் இயல்பாக இருக்கலாம். உருக்கு பறிபோனதற்குச் சான்றாகாது. போர்க்காலமும் கட்டுமானக் காலமும் நெருங்கி நிற்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. மேலும், இலங்கைப் பொறியியலாளர் சங்கம் 1923 இல் வெளியிட்ட அறிக்கையில் இப்பாலத்தின் வரைபடங்களே உள்ளன. வடிவமைத்தவர் புகையிரதத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹெரால்ட் கத்பெர்ட் மார்வுட். திட்டமிட்டுக் கட்டிய கொங்கிரீட் பாலமாகவே அவ்வறிக்கை இதைக் காட்டுகிறது.

தெமோதரைச் சுற்றுப்பாதையின் கதை இன்னும் நுட்பமானது. பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் தெமோதரை நிலையத்தைவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அதே நிலையத்துக்கு நேர்கீழுள்ள சுரங்கத்துள் நுழைகிறது. தோட்டத் தொழிலாளரை மேற்பார்க்கும் தமிழ்க் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைக் கண்டபோதே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை பிறந்ததாம். ஆனால் 1881 இல் திறந்த டார்ஜிலிங் மலைப்பாதையில் சுற்றுவளையங்கள் இருந்தன. 1882 இல் திறந்த கொத்தார்ட் பாதையில் சுருள் சுரங்கங்கள் இருந்தன. இதனால் கங்காணி நிகழ்ச்சி பொய்யென்று நிறுவப்பட்டுவிடாது. அந்த வடிவத்தை விளக்க அது தேவையில்லை என்பது மட்டுமே நிறுவப்படுகிறது. மறுப்பவர்களும் இந்த எல்லையைத் தாண்டக் கூடாது.

அதற்காகக் கதையை ஒதுக்கித் தள்ளுவதும் அவசரமே. மக்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்பது தன்னளவில் ஒரு மெய்ம்மை. பாதையைப் பற்றியதல்ல, சொல்பவர்களைப் பற்றியது. அந்த வகையில் படித்தால் என்னை உறுத்துவது ஒன்றுண்டு: உழைப்பாளிகள் நிறைந்திருந்த மலைநாட்டின் கதையில் தோட்டத் தமிழருக்குப் பெயரில்லை, வேலையுமில்லை, தலைப்பாகை மட்டுமே இருக்கிறது. பாலத்தின் கதையில் வரும் 'ஊர் மக்கள்' என்ற திரளில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலிருந்து வந்தவர்கள் இருந்தார்களா என்பதைப் பெருமிதம் தீர்மானிக்க முடியாது. புகையிரதக் கட்டுமானக் கூலிக் கணக்குகளையும், ஒப்பந்தகாரர் பதிவுகளையும், அயல் தோட்டங்களின் செக்ரோல்கள் எனப்படும் தொழிலாளர் வரவுப் பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கித்தான் அதற்கு விடை காண வேண்டும்.