கலிபோர்னியா பல்கலைக்கழகம் – எல்செவியர் சந்தா முறிவு

கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் உலகின் மிகப் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியருக்கும் இடையே இருந்த சந்தா உறவு 2019 பிப்ரவரி 28 அன்று முறிந்தது. 2021 மார்ச் 16 அன்று வேறொரு வடிவில் திரும்பவும் ஏற்பட்டது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ உள்ளிட்ட 10 வளாகங்களைக் கொண்ட இப்பல்கலைக்கழகம், அமெரிக்காவில் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எழுதுகிறது. ஐரோப்பாவில் ஜெர்மனி, சுவீடன் ஆகிய நாடுகளின் நூலகக் கூட்டமைப்புகள் அதற்கு முன்பே எல்செவியருடன் மோதியிருந்தன. அமெரிக்காவில் இந்த அளவுக்குப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று சந்தாவை விட்டு வெளியேறியது அதுவரை நடக்காத ஒன்று.

பின்னணி

1990களின் நடுவிலிருந்து பெரிய பதிப்பகங்கள் இதழ்களைத் தனித்தனியாக விற்பதைக் குறைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே மின்தொகுப்பாகப் பல்லாண்டு ஒப்பந்தத்தில் விற்கத் தொடங்கின. முதலில் இது நூலகங்களுக்கு ஆதாயமாகவே தெரிந்தது. வேண்டாத இதழை நிறுத்திச் செலவைக் குறைக்கும் உரிமை இதனால் கைநழுவிப்போகும் என்று விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழக நூலக இயக்குநர் கென்னத் பிரேசியர் 2001இல் எச்சரித்தார். நடந்ததும் அதுதான். தொகுப்பின் விலை ஆண்டுதோறும் ஏறியது. நூலகங்கள் புத்தகம் வாங்கும் பணத்தை எடுத்துச் சந்தா கட்டின.

இந்த வணிகத்தின் வினோதம் வேறெங்கும் காணக் கிடைக்காதது. கட்டுரையை எழுதுபவருக்குச் சம்பளம் பல்கலைக்கழகம் தருகிறது. ஆய்வுச் செலவைப் பெரும்பாலும் அரசு ஏற்கிறது. கட்டுரையின் தரத்தைச் சோதிக்கும் சக ஆய்வாளர்கள் பொதுவாக ஊதியமின்றி அதைச் செய்கிறார்கள். பிறகு அதே கட்டுரையைப் படிக்க அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் பணம் கட்டுகிறது. 2018இல் எல்செவியரின் செயல்பாட்டு லாப விகிதம் ஏறத்தாழ 37 விழுக்காடு.

கலிபோர்னியாவில் இதற்கெதிரான சலசலப்பு பழையது. 'செல்' இதழ்க் குழுமத்தின் மின்பதிப்புக்கு எல்செவியர் கேட்ட விலையை எதிர்த்து, சான் பிரான்சிஸ்கோ வளாகத்தின் பீட்டர் வால்டரும் கீத் யமமோட்டோவும் 2003இலேயே அக்குழும இதழ்களைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தார்கள். 2010இல் நேச்சர் பதிப்பகம் கேட்ட பெரும் விலையேற்றத்துக்கும் புறக்கணிப்பு மிரட்டலே பதிலாக வந்தது. 2013இல் பல்கலைக்கழகத்தின் ஆசிரியப் பேரவை திறந்த அணுக்கக் கொள்கை ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி ஆசிரியர்கள் தங்கள் கட்டுரையின் இறுதிக் கையெழுத்துப் படியை எவரும் இலவசமாகப் படிக்கும்படி பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கலாம். 2018இல் பேரவையின் நூலகக் குழு, பதிப்பகங்களுடன் பேரம் பேசும்போது கடைப்பிடிக்க வேண்டிய 18 கொள்கைகளை வெளியிட்டது. இந்த மோதலை நூலகர்கள் தாமாகத் தொடங்கியதாகச் சில வருணனைகள் சொல்வது சரியல்ல. ஆசிரியர்கள் முன்னரே வழி வகுத்திருந்தார்கள்.

பேச்சும் முறிவும்

எல்செவியருடனான ஐந்தாண்டு ஒப்பந்தம் 2018 டிசம்பர் 31இல் முடிந்தது. அதற்குப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கும் மேல் கட்டிவந்தது. பேச்சு நடத்திய குழுவுக்குக் கலிபோர்னியா மின்னூலகத்தின் ஐவி ஆண்டர்சனும் பெர்க்லி வளாக நூலகத் தலைவர் ஜெஃப்ரி மக்கி-மேசனும் இணைத் தலைவர்கள். மக்கி-மேசன் பொருளாதார அறிஞர்; அந்தப் பயிற்சி குழுவின் கோரிக்கையிலேயே தெரிந்தது.

கோரிக்கை இதுதான்: படிப்பதற்குச் சந்தா ஒருபுறம், கட்டுரையைத் திறந்து வைக்க ஆய்வாளர் தரும் கட்டணம் மறுபுறம் என்று இரண்டு பைகளிலிருந்து பணம் போகக் கூடாது. இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் அடங்க வேண்டும். மொத்தச் செலவு ஏறக் கூடாது. இப்பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரைகள் இயல்பாகவே உலகுக்குத் திறந்திருக்க வேண்டும். எல்செவியர் திறந்த வெளியீட்டுக்குப் பல மாதிரிகளை முன்வைத்ததாகக் கூறியது. அதன் கடைசி முன்மொழிவை ஏற்றால் செலவு 80 விழுக்காடு, அதாவது மூன்றாண்டுகளில் 3 கோடி டாலர், கூடும் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு.

சந்தா இல்லாத காலம்

பல்கலைக்கழகம் பிப்ரவரி 28 அன்று விலகலை அறிவித்த பிறகும் எல்செவியர் உடனே கதவை மூடவில்லை. 2019 ஜூலை 10 அன்றுதான் புதிய கட்டுரைகளுக்கான வழி அடைபட்டது. 2018 வரையிலான இதழ்களில் பெரும்பகுதிக்கு நிரந்தர உரிமை வாங்கப்பட்டிருந்ததால் அவை தொடர்ந்து கிடைத்தன. வெளியேறும் துணிவைத் தந்தவற்றில் இந்த உரிமையும் ஒன்று. பழைய தொகுதிகளும் சேர்ந்து பறிபோகும் ஒப்பந்தத்தில் சிக்கிய நூலகம் இப்படி எழுந்து போக முடியாது.

புதிய கட்டுரை வேண்டியவர்களுக்கு நூலகர்கள் பல வழிகளைக் காட்டினர்: பிற நூலகத்திலிருந்து இரவல், கட்டுரையாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல், முன்வரைவுக் களஞ்சியங்கள், இலவசப் படியைத் தேடித் தரும் அன்பேவால் போன்ற உலாவிக் கருவிகள். 1991 முதல் ஆர்க்கைவ் களஞ்சியத்தில் முன்வரைவுகளை இட்டுப் பழகிய இயற்பியலாளருக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. இரவல் வர ஒரு நாள் ஆனாலும் சிரமப்படும் மருத்துவத் துறையினர்தான் அதிகம் பொறுத்துக்கொண்டார்கள்.

2019 ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தின் 30க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள், உடன்பாடு வரும்வரை செல் குழும இதழ்களின் ஆசிரியர் குழுப் பணியை நிறுத்திவைப்பதாக எழுதினார்கள். நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்னும், அடுத்த ஆண்டு அப்பரிசைப் பெறவிருந்த ஜெனிபர் டவுட்னாவும் அவர்களில் அடக்கம். பதிப்பகத்துக்கு இது சந்தாத் தொகையைவிட வலித்திருக்க வேண்டும். சந்தாதாரர் போனால் வருமானம் குறையும். இத்தகைய பெயர்கள் அட்டையிலிருந்து விலகினால் இதழின் மதிப்பே குறையும்.

2021 உடன்பாடு

பேச்சு 2020 ஜூலையில் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பல்கலைக்கழகம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்துடனும் ஸ்பிரிங்கர் நேச்சருடனும் தான் கேட்ட மாதிரியிலேயே கையெழுத்திட்டிருந்தது. எல்செவியருடன் 2021 மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்ட நான்காண்டு உடன்பாடு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. செல், லான்செட் குழும இதழ்களும் அதில் சேர்ந்தன.

பணம் கட்டும் முறையே அதில் புதிது. கட்டுரை ஒன்றின் வெளியீட்டுக் கட்டணத்தில் முதல் 1,000 டாலரை நூலகம் தந்தது. மிச்சத்தை ஆய்வாளர் தம் ஆய்வு நிதியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. நிதி இல்லாதவருக்கு முழுத் தொகையையும் நூலகமே ஏற்றது. ஆய்வாளர் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய கட்டுரை திறந்தே வெளியானது. இதழின் விலை என்ன என்று அதுவரை கேட்கத் தேவையில்லாமல் இருந்த பேராசிரியர், ஆய்வு நிதி இருந்தால் அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துவைத்தார். விலையுணர்வை உண்டாக்கும் நோக்கத்துடனேயே இது வடிவமைக்கப்பட்டது.

விமர்சனம்

படிக்கும் தடை நீங்கி எழுதும் தடை வந்துவிட்டது என்பது இத்தகைய ஒப்பந்தங்களின் மீதான முதன்மைக் குறை. கலிபோர்னியாவின் ஆய்வாளருக்காக அவருடைய நூலகம் கட்டும். அத்தகைய நூலகம் வாய்க்காத நாட்டு ஆய்வாளர், பதிப்பகம் தரும் கட்டணத் தள்ளுபடியை எதிர்பார்த்து நிற்க வேண்டும். பிரேசிலில் 1990களின் இறுதியில் தோன்றிய ஸ்கியெல்லோ, இதழ்களைப் பொதுநிதியின் துணையோடு திறந்து வெளியிடும் வேறொரு வழியைக் காட்டியது. பெரிய பதிப்பகங்களுடனான பேரம் அந்த வழியைத் தொடுவதே இல்லை. பழைய தொகுப்புச் சந்தா போய் அதே நிறுவனத்துடன் புதிய தொகுப்பு ஒப்பந்தம் வந்தது, லாபம் அசையவில்லை என்ற குறையும் நியாயமானதே. இவ்வகை ஒப்பந்தங்கள் இடைக்கால ஏற்பாடாக இருக்கும்வரை ஆதரித்த ஐரோப்பிய நிதியாளர் கூட்டணியான கோவலிஷன் எஸ், 2024 இறுதியோடு அவற்றுக்கான நிதியாதரவை முடித்துக்கொண்டது.