வற்றிய ஆரல் கடலும் அதன் தொல்லுயிர்ச் சுவடுகளும்

மத்திய ஆசியப் பாலைநிலத்தின் நடுவே, இன்றைய கசாக்கித்தானுக்கும் உஸ்பெக்கித்தானுக்கும் இடையே கிடந்த ஆரல் கடல், 1960ஆம் ஆண்டில் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையதாய், உலகின் ஏரிகளுள் நான்காம் இடம் பெற்று விளங்கியது. கடலெனப் பெயர் பெறினும் அது பெருங்கடலோடு தொடர்பற்ற உள்நாட்டு நீர்நிலையே. பாமீர், தியன்சான் மலைகளின் பனி உருகிப் பெருகும் அமு தாரியா, சீர் தாரியா என்னும் ஆறுகள் இரண்டுமே அதற்கு நீரூட்டின. நீர் வெளியேற அதற்கு வழியில்லை. ஆறுகள் கொணர்வதும் வெயில் கவர்வதும் ஒத்திருக்குமளவே கடல் நிலைக்கும். அவ்வொப்பு குலைந்தமையால், அது இன்று பழைய பரப்பில் ஏறத்தாழப் பத்திலொரு பங்காய்ச் சிதறுண்டு கிடக்கின்றது.

ஆரல் முன்னரும் பலமுறை வற்றியதே. இம்முறை வற்றியதும் இயற்கையின் பழைய ஒழுங்கே என்று கூறுவாருளர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை அந்நிலத்தின் பாறைகளையும் படிவுகளையும் கொண்டே ஆராய்தல் தகும்.

கடலின் வடகிழக்கேயுள்ள கிரத்தேசியக் காலப் படிவுகளிற் கிடைத்த மண்டையோட்டுத் துண்டுகளைக் கொண்டு, உருசிய அறிஞர் றொஷ்தெஸ்த்வென்ஸ்கி 1968இல் ஒரு தைனோசர் இனத்தை விவரித்து, அதற்கு ‘ஆரலோசோரசு’ எனப் பெயரிட்டார். ‘ஆரற் பல்லி’ என்பது அதன் பொருள். வாத்தின் அலகு போன்ற வாயுடைய தாவரவுண்ணி அது. அப்பால், துர்கை நீரிணை எனப்படும் கடல் வடக்குத் தெற்காக நீண்டு ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரித்து நின்றது. ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்நீரிணை மூட, இரு கண்டங்களின் விலங்குகளும் ஒன்றன் நிலத்தில் மற்றது புகுந்தன.

இதன்பின் வந்த ஒலிகோசீன் காலத்தின் எலும்புகளே இப்பகுதியின் பெருஞ்செல்வம் எனலாம். துர்கைப் பகுதியிற் கிடைத்த கொம்பற்ற பெருங்காண்டாமிருகத்தை 1915இல் பொரிசியாக் என்பார் ‘இந்திரிக்கோதேரியம்’ என்று அழைத்தார். உருசிய நாட்டுப்புறக் கதைகளில் விலங்குகளுக்கெல்லாம் தந்தையெனப் போற்றப்படும் ‘இந்திரிக்’கின் பெயர் அது, இத்துணைப் பெரிய உடலுக்குப் பிறிதொரு பெயர் பொருந்தியிராது. தோளுயரம் ஏறத்தாழ 5 மீற்றர் உடைய இவ்விலங்கு, நிலத்தில் வாழ்ந்த பாலூட்டிகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இதன் நெருங்கிய உறவினை பலுசித்தானத்துத் தேரா புக்தியிலும் முன்னரே கண்டெடுத்திருந்தனர். அவ்வெலும்புகளுக்குக் கிளைவ் பொஸ்ரர் கூப்பர் 1911இல் இட்ட ‘பரசெராதேரியம்’ என்னும் பெயரே இன்று பொதுவாக வழங்குகின்றது. கடலின் மேற்கே செங்குத்தாய் நிற்கும் உஸ்தியுர்த் மேட்டுநிலமோ மயோசீன் காலக் கடலின் சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புக்கல்லாகும்.

இவற்றோடு ஒப்பிடுமிடத்து இன்றைய ஆரல் மிக இளையது. அதன் வயது ஆயிரங்களில் எண்ணத்தக்கது. ஆயினும் அவ்விளமைக்குள்ளும் அது நிலைத்து நின்றதில்லை. அடித்தளத்திலிருந்து துளைத்தெடுத்த மண்ணில் மட்டியோடுகள் நிறைந்த படைகளும், நீர் சுருங்கிய காலத்திற் படிந்த ஜிப்சம் முதலிய உப்புப் படைகளும் மாறிமாறிக் காணப்படுகின்றன. கடல் பின்வாங்கிய பின்னர், அதன் அடித்தளத்தில் கெர்தெரி என்னுமிடத்தில் இடைக்கால இஸ்லாமிய அடக்கத்தலம் ஒன்றின் இடிபாடுகள் வெளிப்பட்டன. அவை 14ஆம் நூற்றாண்டளவில் அங்கு உலர்நிலமும் குடியிருப்பும் இருந்தமையைக் காட்டும். அமு தாரியா அக்காலத்தில் மேற்கே திரும்பிச் சரிகமிஷ் பள்ளத்தை நிரப்பியதே இதற்குக் காரணமென்பர். 1221இல் மங்கோலியர் குர்கஞ்ச் நகரை அழித்தபோது அணைகளையும் உடைத்தமை அத்திருப்பத்துக்குத் துணையாயிற்று என்ற கருத்தும் உண்டு. அங்ஙனமாயின், அன்றைய வற்றலிலேயே மனிதன் கை பட்டிருந்தது. ‘இயற்கையே’ என்போர் இதனை மறத்தலாகாது.

1848–49இல் புத்தாக்கொவ் என்னும் கடற்படையதிகாரி இக்கடலை அளந்து படம் வரைந்தார். நாடுகடத்தப்பட்ட உக்ரேனியக் கவிஞர் செவ்சென்கோ அப்பயணத்தில் ஓவியராகச் சென்றார். மத்திய ஆசியா இடையறாது உலர்ந்து வருகின்றது என்பது பின்னர்ப் பலரும் கொண்ட கொள்கை. லெவ் பெர்க் 1908இல் வெளியிட்ட ஆரல் பற்றிய பெருநூல் இதனை மறுத்தது; 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கடல்மட்டம் உயர்ந்தே வந்ததென அவர் காட்டினார். மறுபுறம், காலநிலை அறிஞர் வொயெய்க்கொவ், ஆற்றுநீர் கடலிற் சேர்ந்து ஆவியாவதை வீண்செலவெனக் கருதி, அதனை வயலுக்குத் திருப்புதலே நன்றென்றார். வென்றது இவர் கருத்தே.

பருத்திக்காக வெட்டப்பட்ட கால்வாய்கள், அவற்றுள்ளும் 1954இல் தொடங்கிய கரகூம் கால்வாய், ஆற்றுநீரை ஈர்த்தன. 1960இன் பின் கடல் விரைந்து தாழ்ந்து, 1987அளவில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்தது. லீற்றருக்கு 10 கிராம் அளவிலிருந்த உப்பு பன்மடங்காயிற்று. 1950களில் ஆண்டுக்கு நாற்பதாயிரம் தொன் வரை மீன் ஈந்த கடலில் 1980களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழிலே ஒழிந்தது. முய்நாக் துறைமுகத்துக் கப்பல்கள் மணலிற் கிடந்து துருப்பிடித்தன. ‘சென்றால் மீளாய்’ எனப் பொருள்படும் பர்சாகெல்மெஸ் தீவு 1939இல் விலங்குச் சரணாலயமாயிற்று. 1953இல் அங்குக் குலான் என்னும் காட்டுக்கழுதையையும் கொணர்ந்து விட்டனர். அத்தீவு இன்று தீவன்று. தூர்ந்த அடித்தளத்தின் உப்பும் பூச்சிமருந்தின் எச்சமும் புழுதியாய் எழுந்து ஊர்களின் மேல் வீழ்கின்றன.

பழைய வற்றலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயே உளது. அன்று ஆறு இடம் மாறியது; நீர் அயற்பள்ளத்தில் தங்கியது; மீனும் நாணலும் கழிமுகக் காடும் ஆற்றோடு சென்று பிழைத்து, ஆறு மீண்டபோது தாமும் மீண்டன. இன்று நீரின் பெரும்பகுதி வயலிற் பரந்து ஆவியாகின்றது. கழிமுகக் காடுகள் சுருங்கின. அவற்றில் உலாவிய கஸ்பியன் புலியோ, வேட்டையாலும் காடழிப்பாலும் முன்னரே நலிந்து, 20ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிற்று.

2005இல் கொக்கரல் அணை கட்டி முடிக்கப்பட்டதும் வட ஆரல் சில மாதங்களிலேயே உயர்ந்தது. உப்புக் குறைந்தது, சீர் தாரியாவில் எஞ்சியிருந்த நன்னீர் மீன்கள் கடலுட் புகுந்தன, ஆண்டுக்குச் சில ஆயிரம் தொன் மீன் மீண்டும் கிடைக்கலாயிற்று. தெற்கில் அத்தகைய அணையில்லை. அதன் கிழக்குப் பகுதி 2014இல் முற்றாக வற்றியது. எஞ்சிய மேற்குப் பகுதியின் நீர் பெருங்கடலினும் பன்மடங்கு உவர்ப்புடையது. அதில் மீன் இல்லை, ஆர்த்தீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறால் உண்டு. அதன் முட்டைகளைச் சேகரித்து மீன்பண்ணைகளுக்கு விற்பதே அங்கு கடல்சார்ந்த தொழிலாக எஞ்சியுளது. காய்ந்த தரையெங்கும் மட்டியோடுகள் வெளுத்துக் கிடக்க, அவற்றினிடையே புழுதியை அடக்கும்பொருட்டுச் சக்சவுல் கன்றுகளை நட்டு வருகின்றனர்.