யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பிள்ளைகளும் இரு வைத்திய மரபுகளும்

பிள்ளை நோயுற்றால் அதற்கு மருந்து தெரிந்து கொடுக்கும் உரிமை யாருடையது? பிள்ளை வீட்டிலிருக்கும்வரை இவ்வினா எழுவதில்லை. பள்ளிக்கூடத்தின் பொறுப்பில் அது விடப்பட்டபின்னரோ பெற்றோர் நம்பும் மருந்தும் பள்ளிக்கூடம் நம்பும் மருந்தும் எதிரெதிரே வந்து நிற்கின்றன. மாணவர் விடுதியில் நோயாளரைப் பராமரிக்கும் தாதி, தாயொருத்தி கொண்டுவந்த குடிநீர்ச் சரக்கைக் கையில் வாங்கும்போது எய்தும் சங்கடம் இதுவே. யாழ்ப்பாணத்தில் இச்சங்கடத்துக்கு ஏறத்தாழ 200 ஆண்டு வரலாறு உண்டு.

1816 இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனின் வைத்தியராக ஜோன் ஸ்கடர் 1820 இல் பண்டத்தரிப்பில் அமர்ந்தார். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தோன்றின. இவை விடுதிப் பள்ளிகள். அதுவரை தாயின் கைமருந்துக்கும் ஊர்ப் பரிகாரியாரின் மாத்திரைக்கும் உரியராயிருந்த பிள்ளைகள், இவற்றிற் சேர்ந்ததும் பிறநாட்டு வைத்தியரின் பராமரிப்புக்கு உட்பட்டனர்.

பெற்றோர் தயங்கியிருப்பின் அதனை அறியாமையென ஒதுக்கிவிடல் பொருந்தாது. அக்காலத்து மேனாட்டு வைத்தியம் இரத்தம் வாங்குதலையும் இரசக் கலப்புள்ள ‘கலமல்’ மருந்தையும் பெரிதும் நம்பியிருந்தது. மறுபுறம், ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தனவாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்துப் பரிகாரிமாரின் கல்விக்கு அடிப்படையாயிருந்தன. பரராசசேகரம் குழந்தை நோய்களைப் பாலரோகம் எனத் தனியே வகுத்துக் கூறுகின்றது. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை இந்நூலைப் பகுதி பகுதியாக 1928 முதல் அச்சேற்றினார். பெற்றோரின் வேண்டுகோளுக்குப் பின்னால் ஏட்டிலும் அனுபவத்திலும் வேரூன்றிய ஒரு மரபு நின்றதென்பது இதனாற் பெறப்படும்.

இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று நெருங்கி நோக்குவதற்கு வழிசெய்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணியையும் கற்பித்தலையும் ஆரம்பித்தார். ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் உத்தியோகம் நாடிப் பிறவூர்களுக்குச் செல்லவே, கிராமத்தவருக்கு அவர்தம் கல்வி எட்டாதுபோயிற்று. 1857 இல் தாயகம் சென்று 1862 இல் மீண்ட கிறீன், வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். பிரசவ வைத்தியம் (1857), இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872) முதலாய நூல்கள் தமிழில் வெளிவந்தன. அவரிடம் பயின்ற வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டோர்.

கிறீன் நாட்டு வைத்தியத்தின் ஆதரவாளர் அல்லர். அதன் குறைகளைக் கடிந்துரைத்தவர்; மேனாட்டு முறை அதன் இடத்தைப் பெறவேண்டுமென்று விரும்பியவர்; சமயப் பணியாளருமாவார். எனினும் இரணம், பதார்த்தம் போன்ற சொற்களைப் பரிகாரிமார் நெடுங்காலமாக வழங்கிவந்தனர். அச்சொற்களையே கிறீனும் கையாண்டமையால், நோயும் மருந்தும் பற்றிய பேச்சு இரு சாராருக்கும் பொதுவான மொழியில் நிகழ இடமுண்டாயிற்று. 1873 இல் நாடு திரும்பி 1884 இல் மறையும்வரை அவர் தமிழ்ப் பணியைக் கைவிடவில்லை. இந்திய மருந்துச் சரக்குகளை விளக்கும் ‘இந்து பதார்த்த சாரம்’ அவரது இறுதிக் காலத்து நூல்களுள் ஒன்றாக அமைந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. மறுக்க முனைந்த மரபின் சரக்குகளையும் ஆராய்ந்தறிதல் அவருக்கு அவசியமாயிற்று.

பிற்காலத்தில் நிறுவனங்கள் பெருகின. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898 இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. 1926 இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு, பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிப்பதையும் தன் பணியாக ஏற்றது. அம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த வைத்தியருக்கும் பதிவு வழங்கியது. 1984 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவக் கல்வி தொடங்கியது. இவ்வாறு இரு மரபுகளும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன. ஆயினும் ஒரு பிள்ளையின் படுக்கையருகே அவை சந்திக்கும்போது எழும் சிக்கலைச் சட்டத்தினால் மட்டும் தீர்த்தல் அரிது.

வீட்டு மருந்து யாவும் ஒரே தன்மையினவல்ல. வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்த நீர் ஒன்று. இரசமும் பாஷாணமும் சேர்ந்த மாத்திரை வேறு. பின்னையது பிள்ளையின் உடலுக்குப் பெருந்தீங்கு விளைத்தல் கூடும். இவ்வேறுபாட்டை அறியாது யாவற்றையும் ஏற்பவர் பிள்ளையை ஆபத்துக்கு உள்ளாக்குகின்றார். யாவற்றையும் எள்ளி நகையாடுபவரும் அவ்வாறே செய்கின்றார். ஏனெனில், ஏளனத்துக்கு ஆளான தாய் மருந்தைக் கைவிடுவதில்லை, மறைத்தே கொடுக்கின்றாள். உட்சென்ற மருந்துகள் இன்னவை என அறியாத வைத்தியர் செய்யும் சிகிச்சை இருட்டிற் செய்யும் சிகிச்சையேயாம்.

ஆதலின் தாதியின் முதற் கடமை கேட்டறிதல். அடுத்தது, கேட்டதைக் குறித்துவைத்து வைத்தியருக்கு அறிவித்தல். கொடுக்கலாமா, தவிர்க்கவேண்டுமா என்பது வைத்தியர் தீர்ப்புக்கு உரியது. தவிர்க்க நேரின், அதன் காரணத்தைத் தாய்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். மானிப்பாயில் கிறீன் தொடக்கிவைத்த தமிழ் வைத்தியக் கல்வி அங்ஙனம் எடுத்துரைப்பதற்கு வேண்டிய சொற்களை ஆக்கித் தந்தது. அச்சொற்களைத் தாயின் நம்பிக்கைக்கு உரியனவாக்குதல் அவற்றைப் பயன்படுத்துவோரின் பொறுப்பாகும்.